கடற்பசுவும் களப்பணியும்

கடலடியில் வளரும் கடற்புற்களை மேய்ந்து வாழும் பாலூட்டி கடற்பசு. மீனவர் இதனை ‘ஆவுளியா’ என்பர். நீர்மட்டத்திற்கு வந்தே மூச்சுவிடும் இவ்விலங்கு, வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி இறந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றே ஈனுவதால் ஒவ்வோர் இறப்பும் பேரிழப்பாகும்.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது.

பரந்த கடலில் இவற்றை ஆய்வாளர்கள் மட்டுமே கண்காணித்தல் அரிது. ஆகவே, இந்திய வன உயிரின நிறுவனம் மீனவர்களையும் தன்னார்வலர்களையும் துணைகொள்கிறது. கடற்பசுவைக் கண்ட நாள், நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைப் பிழையின்றிக் குறித்தல் களப்பணியின் முதற்படி. கடல்சார் உயிரியல் பயில விழையும் மாணவரும் இப்படியிலிருந்தே தொடங்கலாம்.