ஓர் உபாத்தியாயரும் ஐந்து வகுப்புகளும்

ஓர் உபாத்தியாயரே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் கிராமப் பாடசாலையை நமது சங்க அங்கத்தினர்களில் அநேகர் அறிவார்கள். அவர் ஒரு வகுப்பிற்குக் கணக்குப் போதிக்கையில் மற்ற நான்கும் சும்மா உட்கார்ந்திருக்கும். இக்குறைக்குத் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தார் கண்ட பரிகாரத்தை ஈண்டு விவரிப்போம்.

1970-களின் மத்தியில் விக்கி கோல்பெர்ட், ஆஸ்கார் மொகோயோன் முதலியோர் அந்நாட்டுக் கிராமங்களில் 'எஸ்குவேலா நுவேவா', அதாவது புதிய பாடசாலை, என்னும் முறையைத் தொடங்கினர். மொகோயோன் கிராமப் பாடசாலை உபாத்தியாயராக இருந்தவர். ஆகையால் கஷ்டம் இன்னதென்று அறிந்தவர்.

இம்முறையில் பிள்ளைகள் கரும்பலகையை நோக்கி வரிசையாக அமர்வதில்லை. சிலர் சிலராக மேசையைச் சுற்றி அமர்ந்து, வழிகாட்டிப் புத்தகமொன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளுகிறார்கள். எதை வாசிப்பது, எதை அளப்பது, வீட்டிற் பெரியோரிடம் எதை விசாரிப்பது என்பவற்றை அது படிப்படியாகச் சொல்லும். விளங்கியவன் விளங்காதவனுக்கு எடுத்துரைப்பான். உபாத்தியாயர் குழுவுக்குக் குழு சென்று, தடுமாறுவோரிடம் அதிக நேரம் தங்குவார். நமது திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை சிலருக்கு ஞாபகம் வரலாம். அவன் கையில் பிரம்பு இருந்தது. இங்கே அது இல்லை.

குடியானவர்கள் முக்கியமாய்க் கவனிக்கவேண்டியது வேறொன்று. காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பெற்றோருக்கு உதவச் சென்ற பிள்ளை, திரும்பி வந்ததும், தான் விட்ட பாடத்திலிருந்தே தொடரலாம். ஒரு வருஷம் வீணாவதில்லை. அறுவடைக்காக நின்ற பிள்ளை, மற்றவர்கள் முந்திவிட்டபடியால் வெட்கி அடியோடு நின்றுவிடும் தீங்கு இதனால் நீங்குகிறது.

நாம் சங்கப் பஞ்சாயத்தாரைத் தெரிந்தெடுப்பதுபோல், பிள்ளைகளும் தலைவரையும் தோட்டம், புத்தகசாலை முதலிய கமிட்டிகளையும் தெரிந்தெடுக்கிறார்கள். கால்டாஸ் மாகாணத்தில் காப்பிப் பயிரிடுவோரின் கமிட்டியே இம்முறைக்குப் பொருளுதவி செய்தது.

1985-ல் சர்க்கார் இதைத் தேச முழுமைக்கும் ஏற்றனர். விரைந்து பரப்பியதால், பயிற்சி குன்றிய உபாத்தியாயர்களும் புத்தகம் வந்து சேராத பாடசாலைகளும் உண்டாயின. ஆயினும் 1998-ல் யுனெஸ்கோ வெளியிட்ட ஆராய்ச்சியில், பெருநகரங்கள் நீங்கலாக, அத்தேசத்துக் கிராமப் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளை மிஞ்சியிருந்தனர். நமது ராஜ்யத்திலும், ஆந்திரத்து ரிஷிவாலியார் வகுத்த அட்டை முறையைத் தழுவி, 2003-ல் சென்னை நகரசபைப் பாடசாலைகளில் செயல்வழிக் கற்றல் ஏற்பட்டது.

பல கைகளில் புரளும் புத்தகமும் அட்டையும் விரைவிற் கிழியும். புதியன வாங்க, சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து உபவிதிகளுக்கு உட்பட்டு என்ன ஒதுக்கலாம் என்பதைப் பஞ்சாயத்தார் ஆலோசிக்கலாம். அக்கூட்டத்திற்கு உபாத்தியாயரையும் அழைப்பது உசிதம்.