பம்பின் வாய் தாங்கும் சுமை
பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

என் தந்தையார் ஒரு சர்க்கரை ஆலையில் பிட்டராகப் பணியாற்றியவர். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அவர் கவனிப்பில் இருந்த வெந்நீர்ப் பம்பு ஒன்றில் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பேரிங் போய்விடும், சீல் ஒழுகும். கப்ளிங்கைச் சரியாக நேர்ப்படுத்தவில்லை என்ற பழி அவர்மீது விழுந்தது. ஓர் ஆண்டு ஊதிய உயர்வும் நின்றது. "பம்பு மேலயும் குத்தம் இல்ல, என் கை மேலயும் குத்தம் இல்ல தம்பி. குழாய் இழுக்குது" என்று வீட்டில் சொல்வார். எவ்வளவு இழுக்கிறது என்று மேலதிகாரி கேட்டபோது அவரிடம் விடை இல்லை.

இந்த ஆண்டு நம் ஆய்வுக்கூடத்தில் சட்டத்தை வளைத்து யங் குணகம் காணும் சோதனையைச் செய்தபோது, அந்தக் கேள்விக்கு நாம் படிக்கும் பாடத்திலேயே விடை இருப்பதை உணர்ந்தேன். அதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பம்பு ஏன் இவ்வளவு மென்மையானது?

பம்பில் நீர் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் நாசில் என்பர். நாம் வாய் என்று சொல்வோம். இந்த வாயின் பிளாஞ்சுடன் குழாயின் பிளாஞ்சு போல்ட்டுகளால் இணைக்கப்படுகிறது. வாய் கனத்த வார்ப்பாகத் தோன்றும், எளிதில் உடையாது. ஆனால் கேள்வி அது உடையுமா என்பதன்று. குழாய் வாயைத் தள்ளினால் பம்பின் உடல் சற்றே திரும்பும். அதனுடன் தண்டும் நகரும். மோட்டாரின் தண்டோ தன் இடத்திலேயே நிற்கும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகர்ந்தாலும் கப்ளிங்கின் நேர்மை கெடுகிறது. பேரிங்கும் சீலும் தேய்வது அதனால்தான். எனவே பம்பின் வாய்க்கு அனுமதிக்கப்படும் சுமை என்பது வாயின் வலிமையைவிடத் தண்டின் அசைவைப் பொறுத்தே அமைகிறது.

வெப்பம் தரும் விசை

எஃகின் நீள் விரிவுக் குணகம் ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.000012. பத்து மீட்டர் நீளமுள்ள குழாய் 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குச் சூடானால் 12 மி.மீ. நீளும். இரு முனைகளும் அசையாமல் பிடிக்கப்பட்டால் என்ன ஆகும்? தகைவு = யங் குணகம் × திரிபு. ஒரு சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன் என்ற யங் குணகத்தை 0.0012 என்ற திரிபால் பெருக்கினால் 240 நியூட்டன் கிடைக்கிறது. வழக்கமான கனமுள்ள நான்கு அங்குலக் குழாயின் உலோகப் பரப்பு சுமார் 2,050 சதுர மி.மீ. ஆகவே விசை ஏறக்குறைய 4,90,000 நியூட்டன், அதாவது 50 டன்! இவ்வளவும் பம்பின்மேல் வந்துவிடாது. அதற்குள் குழாய் பக்கவாட்டில் வளைந்துவிடும், பம்பு அசைந்துவிடும். ஆயினும் வெப்பத்தின் வலிமை எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

எவ்வளவு தாங்கலாம்?

1954-இல் முதன்முதலாக வெளிவந்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 610-ஆம் எண் தரம், எஃகுப் பம்புகளின் வாய்களுக்கு ஓர் அட்டவணை தருகிறது. 2021-இல் இதன் 12-ஆம் பதிப்பு வெளிவந்தது. தண்டின் திசை, அதற்குக் குறுக்கான கிடைத்திசை, செங்குத்துத் திசை ஆகிய மூன்றிலும் மூன்று விசைகள், மூன்று திருப்புத்திறன்கள் என ஆறு அளவுகள் தரப்படுகின்றன.

பம்பின் முனையில், தண்டின் நேர்க்கோட்டில் அமைந்த நான்கு அங்குல வாயை எடுத்துக்கொள்வோம். தண்டின் திசையில் 1,780 நியூட்டன், குறுக்கே 1,420, செங்குத்தாக 1,160 வரை அனுமதி உண்டு. இவற்றை அச்சாகக் கொண்ட திருப்புத்திறன்களுக்கு முறையே 1,330, 680, 1,000 நியூட்டன்-மீட்டர் எல்லை. மிகப் பெரிய விசையான 1,780 நியூட்டன்கூடச் சுமார் 180 கிலோ எடைதான். மேலே கண்ட 50 டன் எங்கே, இது எங்கே!

சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு இந்த அளவுகள் இருமடங்கு வரை போகவும் அத்தரம் இடமளிக்கிறது. வார்ப்பிரும்புப் பம்புகளுக்கு இவ்வட்டவணை பொருந்தாது. தயாரிப்பாளர் தரும் அளவையே கொள்ள வேண்டும்.

வளைவு செய்யும் உதவி

பத்து மீட்டர் நேரே சென்ற குழாயைச் செங்கோணமாகத் திருப்பி, சற்றுத் தொலைவில் பிடித்துக் கட்டினால், திரும்பிய பகுதி வளைந்து கொடுத்து 12 மி.மீ. நீட்சியை ஏற்றுக்கொள்ளும். முனைகள் திரும்பாத சட்டத்திற்கு உரிய விசை:

12 × யங் குணகம் × நிலைமத் திருப்புத்திறன் × நகர்ச்சி ÷ (நீளம்)³

நம் குழாயின் குறுக்குவெட்டுக்கு நிலைமத் திருப்புத்திறன் சுமார் 301 செ.மீ.⁴. திரும்பிய பகுதி 2 மீட்டரானால் விசை சுமார் 10,800 நியூட்டன். 3 மீட்டரானால் 3,200. 4 மீட்டரானால் 1,350. நீளம் இருமடங்கானால் விசை எட்டில் ஒரு பங்காகிறது! இது தோராயக் கணக்கே. மூலையும் சற்றுத் திரும்புவதால் உண்மை விசை இன்னும் குறையும். நான்கு மீட்டரில் நாம் எல்லைக்குள் வந்துவிட்டோம்.

எடையை மறக்கலாகாது

குழாய் குளிர்ந்திருக்கும்போதும் ஒரு சுமை உண்டு. நான்கு அங்குலக் குழாயும் அதனுள் இருக்கும் நீரும் சேர்ந்து மீட்டருக்குச் சுமார் 24 கிலோ. தாங்கி இல்லாமல் மூன்று மீட்டர் நீளம் வாயிலிருந்து தொங்கினால் எடை சுமார் 715 நியூட்டன். அனுமதி 1,160; ஆகவே கவலையில்லை என்று தோன்றும். ஆனால் அந்த எடை செயல்படுவது 1.5 மீட்டர் தொலைவில். திருப்புத்திறன் சுமார் 1,070 நியூட்டன்-மீட்டர். அங்கே அனுமதி 680 மட்டுமே! விசையில் தேறி, திருப்புத்திறனில் தோற்றுப்போகிறோம். ஆகவே ஆறு அளவுகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எடை, வெப்பம் இரண்டையும் திசையறிந்து கூட்டிய பிறகே அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும்.

பிட்டரின் சோதனை

இனி நேரில் அறியும் முறை. கப்ளிங்கின்மேல் டயல் கேஜைப் பொருத்தி, பிளாஞ்சு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இறுக்கும்போது தண்டு 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால், குழாய் வலிந்து பூட்டப்பட்டிருக்கிறது என்பது பொருள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 686-ஆம் எண் வழிகாட்டி கூறும் அளவு இது. இது குளிர்ந்த நிலைச் சோதனை. வெப்பத்தின் விளைவைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

அப்பா செய்ததும் இதைப் போன்றதே. போல்ட்டுகளைக் கழற்றியதும் குழாய் ஒரு விரற்கடை தள்ளிப்போய் நின்றதாம். அதை அவர் கண்ணால் கண்டார். எண்ணால் சொல்லத் தெரியவில்லை. பின்னர் அந்தக் குழாய்க்கு அடியில் தாங்கியும் வழியில் ஒரு வளைவும் வைத்தார்கள். அதன்பின் பேரிங் அடிக்கடி போகவில்லை. நின்ற ஊதிய உயர்வு மட்டும் திரும்பி வரவில்லை.

இந்தக் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், "மூணு மீட்டரா போட்டிருக்க? நம்ம குழாய் அதவிட நீளம்" என்றார். மறுபடியும் கணக்கிட உட்கார்ந்தேன்.

நண்பர்களே! தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரம், எங்கோ ஒரு தொழிலாளியின் சொல்லுக்குச் சான்றாகக்கூடும். அவர் கண்டதை நாம் எண்ணாக்கிச் சொல்லக் கற்றால், நாம் படிக்கும் இயற்பியல் பயன்பட்டதாகும்.