கழுத்துக்குள் ஒரு சுமைதாங்கி



நம்ம ஊர் ரோட்டோரங்களில் பழைய சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில நிற்கின்றன. நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். அதுபோல ஒரு சுமைதாங்கி நம் ஒவ்வொருவர் கழுத்திலும் உண்டு. சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்கும் அந்த எலும்பின் பெயர் அட்லஸ். கிரேக்கக் கதையில் வானத்தைச் சுமக்கும் அரக்கனின் பெயர் அது.

கழுத்தெலும்புகள் மொத்தம் 7. முதலாவதான அட்லஸ் வாஷர் மாதிரி ஒரு வளையம். இரண்டாவதான ஆக்ஸிஸிலிருந்து பல் போன்ற ஒரு முளை எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால், பிவட்! கழுத்து இடமும் வலமும் திரும்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. முளை பின்னால் நழுவாதபடி ஒரு குறுக்கு நார் அதைப் பிடித்திருக்கிறது.

வளையத்தின் உள்ளே உள்ள இடத்தை மூன்று பங்காக்கினால், ஒன்று முளைக்கு, ஒன்று தண்டுவடத்துக்கு, மிச்சம் ஒன்று காலி. அந்தக் கிளியரன்ஸில்தான் நம் உயிர் இருக்கிறது.

சரி, புத்தகப் படத்தில் உள்ளபடியே எல்லாருக்கும் இருக்குமா? இருக்காது. சில வேறுபாடுகளைப் பார்ப்போம்:

1. வளையத்தின் பின்பக்கம் முழுதாகக் கூடாமல் இடைவெளி விட்டிருக்கலாம். நூற்றில் நான்கு பேர் அளவில் இப்படி உண்டு. எக்ஸ்ரேயில் முறிவு போலத் தோன்றி ஏமாற்றும்.

2. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அட்லஸின் மேல் ஒரு பள்ளத்தில் வளைந்து செல்கிறது. சிலருக்கு அதன்மேல் எலும்பாலேயே ஒரு சின்னப் பாலம் கட்டியிருக்கும்.

3. அட்லஸ் மண்டையோட்டோடு ஒட்டிப் பிறப்பது. இது அபூர்வம்.

4. பிறவியிலோ, சிறுவயதில் அடிபட்டதாலோ முளை தனித்துண்டாக நிற்பது. இதுவும் அபூர்வம், ஆனால் ஆபத்தானது. பிவட் அறுந்த கதவு எப்படி ஆடும்?

முதல் இரண்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் அதை அறியாமலே வாழ்ந்து முடிப்பார்கள். கடைசி இரண்டில் மூட்டு தளர்ந்து தண்டுவடம் நசுங்கக்கூடும். கைகால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், கழுத்தைக் குனிந்தால் ஷாக் அடித்தது போலிருத்தல் எல்லாம் எச்சரிக்கை மணி. உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்படித் தளர்ந்த மூட்டை முன்பெல்லாம் கம்பி சுற்றிக் கட்டுவார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனை டாக்டர் அதுல் கோயல் 1988 முதல் இரு எலும்பிலும் ஸ்குரூ போட்டு பிளேட்டால் இணைத்தார். 1994-ல் டாக்டர் லஹேரியுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் அந்த வழி நடக்கிறது. டிரில் வைக்கும் முன் அந்த நோயாளியின் சி.டி. ஸ்கேனைப் பார்த்தே ஆக வேண்டும். பாலத்தைத் தடித்த எலும்பென்று நினைத்துத் துளைத்தால் ரத்தக்குழாய் போய்விடும். பொது டிராயிங் அங்கே உதவாது.

நமக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது.

வர்மக் கலைக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. பிடரியில் அடிபடக் கூடாதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் முடிவெட்டப் போன இடத்தில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கக் கொடுத்துவிட்டு, 'நல்ல சுகம்டே' என்கிறோம். உள்ளே நம் எலும்பு எந்த மாடல் என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் மக்கா! ஆழம் தெரியாத குளத்தில் தலைகீழாகப் பாய்வதும் வேண்டாம்.

பனையிலிருந்தோ, தென்னையிலிருந்தோ, பைக்கிலிருந்தோ ஒருவர் விழுந்தால் நாம் முதலில் செய்வது என்ன? தூக்கி உட்காரவைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது. அதைத்தான் செய்யக் கூடாது. சுவாசத்தை இயக்கும் நரம்புகள் கழுத்தின் 3, 4, 5-ஆம் மட்டத்திலிருந்து கிளம்புகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் நசுங்கினால் மூச்சு நின்றுவிடும். விழுந்தவரைக் கிடந்தபடியே விட்டு, ஒருவர் தலையின் இருபக்கமும் கைவைத்து ஆடாமல் பிடிக்கட்டும். இன்னொருவர் 108-க்குப் போன் போடட்டும். தூக்கியே தீர வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து, தலையும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்க, ஒரு பலகையில் ஏற்றுங்கள். இதை வீட்டிலும் சொல்லி வையுங்கள், நண்பர்களே!