வெள்ளத்துக்கு ஓர் இடம்

பள்ளிக் கட்டடத்தின் மொட்டை மாடி 100 சதுர மீட்டர் பரப்புள்ளது என்று கொள்வோம். அதன்மீது 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு நீர் சேரும்? பரப்பை மழையின் உயரத்தால் பெருக்குங்கள். 95 கன மீட்டர், அதாவது 95,000 லிட்டர்!

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தில், 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை இது. திருச்செந்தூரில் 69 செ.மீ. பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஒரு ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே சிக்கிக்கொண்டது. திருநெல்வேலி நகரிலும் தெருக்களில் ஆறு ஓடியது.

இத்தகைய மழை இனியும் வருமா? காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஆதலால் புவி வெப்பமடைய வெப்பமடையப் பெருமழையும் கனக்கும். நகரைத் திட்டமிடுவோர் பழைய மழைக்கணக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நகரில் வெள்ளம் இரண்டு வழியாக வருகிறது. ஆறு கரைபுரள்வது ஒன்று. மற்றொன்றைப் பலர் கவனிப்பதில்லை. மழைநீர் வடிகால்கள் கடைசியில் ஆற்றில்தான் விழ வேண்டும். ஆற்று மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால் நீர் எப்படி இறங்கும்? வந்த வழியே திரும்பித் தெருவில் ஏறும். அப்போது வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டியிருந்தாலும் பயனில்லை.

ஆற்றுக்குப் போகாமல் நீர் தங்க வேறு இடம் வேண்டும். அந்த இடம்தான் குளம். (வடமாவட்டத்தார் ஏரி என்பதை நெல்லைச் சீமையில் குளம் என்பார்கள்.) தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து கால்வாய்கள் பிரிந்து குளங்களை நிரப்புகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய், நகருக்குள் இருக்கும் நயினார்குளத்துக்கு நீர் தருகிறது. ஒரு குளம் நிரம்பினால் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் பாயும். இப்படித் தங்கித் தங்கிச் செல்வதால் வெள்ளத்தின் வேகம் தணியும். கோடைக்கும் நீர் மிஞ்சும்.

ஆனால் குளம் எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 40 செ.மீ. மழை பெய்தால் 4 லட்சம் கன மீட்டர் நீர். நிலம் சிறிதும் உறிஞ்சாவிட்டால், இதை ஒரு மீட்டர் ஆழத்தில் நிறுத்த 40 ஹெக்டேர் குளம் வேண்டும்! டிசம்பரில் குளங்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. சீனா 2015-ஆம் ஆண்டு முதல் 'பஞ்சு நகரங்கள்' என்ற பெயரில், மழைநீரை உறிஞ்சும் பூங்காக்களையும் குளங்களையும் அமைத்து வருகிறது. அவற்றுள் ஒன்றான செங்சோ நகரில், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. மழை கொட்டியது. பஞ்சு நிறைந்து வழிந்தது, பலர் உயிரிழந்தனர்.

ஆகவே, மிஞ்சிய நீர் எந்த வழியாகப் போகும் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல். மறுகால் ஓடை ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். நகரில் நிலம் அரிது. பேருந்து நிலையம் வேண்டும், வீடுகள் வேண்டும். திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தை ஒட்டித்தான் எழுந்தது. வெற்றிடம்போல் தோன்றும் நிலத்தை, என்றோ வரப்போகும் வெள்ளத்துக்காகச் சும்மா விட்டுவைக்க எந்த நகராட்சிக்கும் எளிதில் மனம் வராது.

இதே ஊரில் வேறு விதமான கட்டடமும் உண்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் மோதும் பக்கத்துச் சுவர் படகின் முனைபோல் நீரைப் பிளந்துவிடுகிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். நீர் உள்ளே வரும் என்று தெரிந்தே கட்டிய கட்டடம் அது.

மாணவர்களே, உங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் எங்கே போய்ச் சேருகிறது? ஒரு விடுமுறை நாளில், வறண்ட காலமாகப் பார்த்து, பெரியவர் ஒருவருடன் ஓடை வழியே நடந்து பாருங்கள். அதன் அகலத்தை நூறு அடிக்கு ஒருமுறை அளந்து வரைபடத்தில் குறியுங்கள். ஓடை எந்த இடத்தில் குறுகுகிறது, அங்கே என்ன நிற்கிறது என்பதையும் எழுதிவையுங்கள்.