ஜெராம் கடலோரமும் திதிக் கணக்கும்

ஜெராம், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் மலாக்கா நீரிணையை ஒட்டிய மீனவர் ஊர். பின்புறம் செம்பனைத் தோட்டங்கள், முன்புறம் அலையாத்திக் காடும் சேற்றுக் கரையும். இமயமலைப் பயணத்துக்கு உண்டியலில் பணம் சேர்க்கும் தோட்டக் குடும்பங்கள் சில, பக்கத்துக் கடலை மீன் வாங்க மட்டுமே எட்டிப் பார்த்திருக்கின்றன.

இங்கே கடல் நாளுக்கு இரு முறை ஏறி இரு முறை வற்றுகிறது. வற்றிய சேற்றில் நண்டுகளும், பெலாச்சாக் என்று மலாய்க்காரர் சொல்லும் துள்ளு மீனும் வெளிவரும். செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியப் பக்கத்திலிருந்து கரைப்பறவைகள் வந்து தங்குகின்றன. நீர் முழுதும் வற்றினால் அவை தூரத்துப் புள்ளிகள். ஏறும் நீர் துரத்தும்போதுதான் கரையை நெருங்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் மிகவும் இறங்கும். அப்போதுதான் சாசாரான் கரைக்கு அப்பால் நடுக்கடல் மணல்திட்டு தலைகாட்டும். அதன்மேல் தேங்கும் மெல்லிய நீர் வானத்தைக் காட்டுவதால் 'வான் கண்ணாடி' என்று பெயர். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் கடல் அவ்வளவு இறங்குவதில்லை.

மின்மினியின் கணக்கு வேறு. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் கூடி, ஒரே தாளத்தில் மினுக்குகின்றன. துணையை அழைக்கும் விளக்கு அது. புழுப் பருவத்தில் இவை ஆற்றோரச் சதுப்பில் நத்தைகளைத் தின்று வளர்வதால், மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையைச் செம்பனைக்குத் திருத்தினால் இனம் நிலைக்காது. இந்த மங்கலான ஒளிக்கு இருட்டு வேண்டும்.

இக்கட்டுரையாளர் கோட்டை விட்டது இங்கேதான். பள்ளி விடுமுறை, வேன் வாடகை, ஈப்போ விருந்தினர் என எல்லாம் கூடிவந்த சனிக்கிழமை பௌர்ணமியாக அமைந்தது. காலையில் மணல்திட்டு கண்ணாடியாய்க் கிடந்தது. இரவு எட்டரைக்குப் பதினொரு பேர், சம்பானுக்கு நால்வர் வீதம் மூன்று சம்பானில் ஏறினார்கள். நிலா பட்டப்பகலாய்க் காய்ந்தது. மின்மினியை விரல் நீட்டித் தேட வேண்டியிருந்தது. 'எந்த நாளும் ஒன்றுதான்' என்று சொல்லிப் பணம் வாங்கிய ஏற்பாட்டாளர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. மைத்துனரோ, தீபாவளிக்குத் தீபாவளி, 'எங்கள் வீட்டு அகல்விளக்கே தேவலை' என்கிறார். அவரும்தான் அன்று வேன் கிளம்ப ராகுகாலம் பார்த்தார். அதே நாள்காட்டித் தாளில் திதியும் அச்சாகியிருந்ததை எவரும் பார்க்கவில்லை.

மணல்திட்டு, மின்மினி இரண்டையும் ஒரே நாளில் காண அமாவாசையே முதல் தேர்வு. அது வாய்க்காவிட்டால் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள். நிலா நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதித்து எழுவதால், அன்று ஒன்பதரை வரை ஆறு இருட்டாகவே இருக்கும். கடலும் போதிய அளவு வற்றும். மணல்திட்டுக்குப் படகு கிளம்பும் நேரம் நாளுக்கு நாள் மாறும். அதைப் படகுக்காரரிடமே கேட்க வேண்டும். மழை பெய்தால் மின்மினிப் பயணம் இல்லை. கைவிளக்கு, கேமரா வெளிச்சம் இரண்டும் கூடாது.

புக்கிட் மலாவத்தி குன்றின் வெள்ளி முடிக் குரங்குகளுக்கு எந்தத் திதியும் பொருட்டல்ல. தாய் சாம்பல் நிறம், பிறந்த குட்டி ஆரஞ்சு நிறம். மாலையில் போனாலே போதும்.