பிள்ளையின் உடலும் ஓர் அமானிதமே

சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டத்திற்கு ஏறும் பாறைவழியில் ஒரு விடுமுறை நாளன்று கண்ட காட்சி இது. பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் பாதிவழியிலேயே மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டான். "எந்திரிடா குண்டா!" என்றார் உடன்வந்த மாமா. எல்லோரும் சிரித்தார்கள். தாயார் மனம் பொறுக்காமல் பையிலிருந்து குளிர்பான பாட்டிலை எடுத்து நீட்டினார். பிள்ளை தலைகுனிந்தபடியே குடித்தான்.

சமணத் துறவிகளின் கற்படுக்கைகளைக் கண்டு இறங்கும்போதும் அந்த முகமே நம் மனத்தில் நின்றது. குற்றம் அவனுடையதா?

யாருடைய பொறுப்பு?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிப் பேர் மிகை எடை உடையவர்கள். அவர்களில் 16 கோடிப் பேருக்கு உடற்பருமன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் மிகை எடை உடையவர்கள். பெரியவர்களின் தட்டைப் பார்த்தே பிள்ளைகள் உண்ணக் கற்கின்றனர். இளமையில் ஏறும் எடை பெரும்பாலும் பின்னாளிலும் தொடர்ந்து, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழி செய்கிறது.

பண்டம் வாங்குபவன் பிள்ளையல்லன், சமைப்பவனும் அல்லன். வெளிநாட்டிலிருக்கும் அத்தா தம் பாசத்தை மிட்டாய் டப்பாவாக அனுப்புகிறார். "வளர்ற பிள்ளை, இன்னும் கொஞ்சம் சாப்பிடட்டும்" என்று நன்னி அள்ளி வைக்கிறார். ரமலான் மாலைகளில் கஞ்சியைவிட எண்ணெய்ப் பலகாரமே மிகுகிறது. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மதரஸா, பிறகு டியூஷன். ஓடியாட நேரம் எங்கே? நேரம் கிடைத்தாலும் பல தெருக்களில் இடமில்லை. ஏழை வீட்டில் பழத்தை விடப் பாக்கெட் பண்டம் மலிவாகக் கிடைக்கிறது.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூட வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என 2020ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி கூறுகிறது. ஆனால் நம் வீட்டு அலமாரிக்கு விதி வகுக்க வேண்டியவர்கள் நாமே.

மார்க்கம் காட்டும் வழி

ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளவர் பற்றி விசாரிக்கப்படுவர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் எனக் கற்றுத் தந்தார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்பதே திருமறையின் கட்டளை. பட்டப்பெயர் சூட்டிப் பரிகசிப்பதையும் அதே திருமறை தடுத்துள்ளது. 'குண்டா' என்பது விளையாட்டுச் சொல்லன்று. பிள்ளையின் மனத்தைப் புண்படுத்தும் பட்டப்பெயர்.

பெண்பிள்ளைகளை நாம் மறந்துவிடக் கூடாது. வயதுக்கு வந்ததும் அவர்களின் ஓட்டமும் ஆட்டமும் நின்றுபோகின்றன. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸில் உள்ளது. 1990களின் தொடக்கத்தில் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். ஏளனம் செய்தவர்கள் ஓய்ந்தார்கள், சைக்கிள் ஓடியது.

நாம் செய்ய வேண்டியவை

பிள்ளையின் எடையைக் கண்ணால் மதிப்பிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வயதுக்கேற்ற உயரமும் எடையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டினி போடாதீர்கள், வளரும் உடலுக்கு உணவு தேவை. குளிர்பானத்திற்குப் பதில் தண்ணீரும் மோரும், பாக்கெட்டுக்குப் பதில் சுண்டலும் கொய்யாவும் கொடுங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டுமன்றி வீடு முழுமைக்கும் ஒரே உணவாக இருக்கட்டும். தொழுகைக்கு மகனை வண்டியில் ஏற்றாமல் நடத்தி அழைத்துச் செல்லுங்கள். ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அந்நேரம் கிடைக்குமாறு மதரஸா நேரத்தை மாற்றியமைப்பதும், விளையாட இடமும் பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் ஒதுக்குவதும் ஜமாஅத்தார் கையில் உள்ளன.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சிரைக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல், அவனருகில் சற்று உட்கார்ந்து, பிறகு கைபிடித்து ஏறுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணிக்காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.