சர்வர் டவுன்தானா?

பாளையங்கோட்டை பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள நெட் சென்டர்களில், விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம் என்றால் ஒரே பேச்சுதான்: "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." 2025-இல் குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்தபோது 3,935 இடங்கள், ஏப்ரல் 25 முதல் மே 24 வரை அவகாசம். ஆனாலும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் பஸ் ஏறி டவுனுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மே மாதக் கடைசியில்தான் வருவார்கள். நம் ஊர் வழக்கம் அப்படி. அந்த நேரத்தில் பக்கம் திறக்காமல் சுத்திக்கொண்டே இருந்தால், யாரைக் குறை சொல்வது? கண்ணுக்குத் தெரியாத சர்வரைச் சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

உண்மையில் சர்வர் படுப்பதும் உண்டு. ஆனால் அப்படிச் சொல்லப்படும் இடங்களில் பலவற்றில் கதவை அடைத்து வைத்திருப்பது நம் போனோ, நம் பிரவுசரோ, நம் வைஃபையோதான். அதைவிட மோசம், திறக்காத கதவுக்கு நாம் செய்யும் வைத்தியம். ஆன்டிவைரஸை அணை, எல்லா அனுமதியையும் கொடு, எச்சரிக்கையைத் தாண்டிப் போ என்று ஒரு விண்ணப்பத்துக்காக வீட்டையே திறந்து போட்டுவிடுகிறோம். எந்தத் தாழ்ப்பாள் மறிக்கிறது என்று பார்த்து, அந்த ஒன்றை, அந்தத் தளத்துக்கு மட்டும் நீக்கினால் போதும்.

நம்பிக்கை: "சைட்டு தொறக்க மாட்டேங்கு அண்ணாச்சி, அப்போ சர்வர்தான்."

சொல்லுமுன் சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, சிம்மின் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் குறை அந்த வைஃபை இணைப்பில். இரண்டிலும் திறக்கவில்லை என்றால் அதே போனில் வேறொரு பிரவுசர். அதில் திறந்தால் குறை முதல் பிரவுசரின் அமைப்பிலோ, அதில் ஏற்றி வைத்திருக்கும் விளம்பரத் தடுப்பிலோ. அதிலும் இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவரின் போனில், வேறு கம்பெனி சிம்மில் பாருங்கள். அங்கே திறந்தால் குறை உங்கள் போனிலோ, உங்கள் சிம் இணைப்பிலோ. அங்கேயும் திறக்காவிட்டால் சர்வரைத் திட்டலாம்.

இந்த மூன்றாவது படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் போனின் நெட்வொர்க் அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கிறது. விளம்பரம் வராமலிருக்க ஒரு முகவரியை அதில் போட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு வீடியோ சொல்லியிருக்கும்; தம்பியும் போட்டிருப்பான். அது போன் முழுவதற்குமான அமைப்பு. வைஃபை, டேட்டா, எந்தப் பிரவுசர் என்றாலும் அதன் வழியாகத்தான் முகவரி தேடப்படும். விளம்பர முகவரிகளோடு சேர்த்துச் சில சமயம் விண்ணப்பப் பக்கத்துக்குத் தேவையான முகவரியையும் அது அடைத்துவிடும். பக்கம் திறக்கும்; கேப்சா படம் மட்டும் வராது. அல்லது 'சமர்ப்பி' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. அந்த அமைப்பைத் 'தானியங்கி' என்று மாற்றி, வேலை முடிந்ததும் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

மொபைல் டேட்டாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. வெளியுலகுக்குக் காட்டும் ஒரே ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குச் செல்போன் நிறுவனங்கள் பகிர்ந்து கொடுக்கின்றன. அந்த முகவரியிலிருந்து யாரோ விடாமல் தட்டிக்கொண்டிருந்தால், தளத்தின் காவல் நிரல் அந்த முகவரியையே சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிடும். பாவம், நீங்களும் சேர்ந்து ஒதுங்குவீர்கள். ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் பெரும்பாலும் வேறு முகவரி கிடைத்துவிடும். பத்து முறை ரீலோட் அடிப்பதைவிட இது மேல்.

நம்பிக்கை: "குக்கி என்றால் வேவு, எல்லாவற்றையும் தடுத்து வைப்பதே பாதுகாப்பு."

கேப்சாவைச் சரியாகத்தான் போடுகிறீர்கள். பக்கத்தில் நிற்பவரும் எழுத்தைச் சரிபார்க்கிறார். 'தவறான கேப்சா' என்கிறது. மறுபடி போட்டால் மறுபடி தவறு. கண் கோளாறு இல்லை இது. நீங்கள் யார், உங்களுக்கு எந்தப் படத்தைக் காட்டினோம் என்பதைத் தளம் ஞாபகம் வைத்துக்கொள்வது ஒரு சிறு குக்கியின் உதவியால்தான். குக்கி முழுவதையும் தடுத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே அது உங்களைப் பார்க்கும். புது ஆளுக்குக் காட்டியது வேறு படம். நீங்கள் எழுதியதோ பழைய படத்துக்கான விடை.

வேவு பார்க்கும் குக்கிகளும் உண்டுதான். நீங்கள் திறந்த தளம் வைப்பது ஒரு வகை. அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விளம்பர நிறுவனம் வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் மூன்றாம் தரப்பு குக்கி. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து அதை முழுவதுமாகத் தடுக்கிறது. குரோமும் தடுப்பதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நீங்கள் தடுக்க வேண்டியது இந்த மூன்றாம் தரப்பை மட்டும். தளத்தின் சொந்தக் குக்கியைத் தடுத்தால் கேப்சாவோடு மல்லுக்கட்டவேண்டியதுதான்.

இதே குக்கியால் நெட் சென்டர்களில் நடக்கும் ஒரு குளறுபடியைச் சொல்லியாக வேண்டும். அக்காவின் விண்ணப்பம் ஒரு டேபில், தம்பியின் விண்ணப்பம் அதே பிரவுசரின் அடுத்த டேபில். இரண்டு டேபுக்கும் குக்கி ஒன்றே. தம்பியின் கணக்கில் நுழைந்ததும், தளத்தின் கணக்கில் அக்கா வெளியேறியாயிற்று. முதல் டேபுக்குத் திரும்பி 'சேமி' அழுத்தினால் பிழை காட்டலாம். சரியாக எழுதப்படாத தளமாக இருந்தால் அக்காவின் விவரம் தம்பியின் பெயரிலும் போய்ச் சேரலாம். இருவருக்கும் சேர்த்துப் போடுவதென்றால் இரண்டு வேறு பிரவுசர்களில் போடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: "பணம் போச்சு, விண்ணப்பம் பதியல. மறுபடியும் கட்டு."

இதில்தான் நம் மக்கள் அதிகம் அடிபடுகிறார்கள். கட்டணம் கட்டும்போது நீங்கள் விண்ணப்பத் தளத்தை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போகிறீர்கள். ஓடிபி போட்டபின் வங்கி உங்களைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரும்பும் வழியில் வாசலில் உங்களை அடையாளம் காட்ட வேண்டியது அதே குக்கி. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80-ஆம் பதிப்பு ஒரு புது விதி கொண்டுவந்தது: வேறு தளத்திலிருந்து படிவமாகத் திரும்பி வரும்போது, தளம் வெளிப்படையாக அனுமதி எழுதி வைக்காத குக்கியை உடன் அனுப்பமாட்டேன் என்பது அது. குக்கி வைத்து இரண்டு நிமிடத்துக்குள் திரும்பினால் மட்டும் சலுகை. டவர் சரியில்லாத மலையடிவாரத்தில் ஓடிபி வந்து சேர்வதற்குள் அந்த இரண்டு நிமிடம் போய்விடும். கொரோனாக் காலத்தில் அத்தியாவசியத் தளங்கள் தடுமாறக் கூடாதென்று ஏப்ரலில் கூகுள் இந்த விதியை நிறுத்திவைத்தது. ஜூலையில் மறுபடி கொண்டுவந்தது. நிரலைத் திருத்திக்கொண்ட தளங்களில் தொல்லை இல்லை. திருத்தாதவற்றில் 'செஷன் முடிந்துவிட்டது' என்று வரும், வங்கியிலோ பணம் கழிந்திருக்கும்.

உடனே மறுபடி கட்டாதீர்கள். புதிதாக உள்ளே நுழைந்து, கட்டண நிலையைக் காட்டும் இடத்தைப் பாருங்கள். வங்கியும் தளமும் கணக்கு ஒத்துப்பார்த்தபின் அது 'பெறப்பட்டது' என்று மாறக்கூடும். பணம் கழிந்தும் பெறுபவருக்கு உறுதிச் செய்தி போகவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்டால்தான் கிடைக்கும் என்றில்லை; கேட்காவிட்டால் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

வங்கிப் பக்கம் வரவே இல்லை என்றால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். சிறு சாளரம் ஒன்றில் குறுக்குக்கோடோ பெருக்கல் குறியோ போட்டதுபோல் ஒரு சின்னம் தெரியும். பாப்-அப்பைப் பிரவுசர் தடுத்திருக்கிறது. அதைத் தட்டி இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

நம்பிக்கை: "விபிஎன் போட்டால் எல்லாச் சைட்டும் திறக்கும்."

அரசுத் தளங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளிநாட்டு ஐபி முகவரி என்றால் உள்ளேயே விடாத அரசுத் தளங்கள் பல. மேலப்பாளையத்துக்காரர் துபாயில் உட்கார்ந்துகொண்டு ஊரிலுள்ள நிலத்தின் பட்டாவைப் பார்க்க முயன்று தோற்பதற்கு இது ஒரு காரணம். தடை செய்யப்பட்ட விளையாட்டுக்காக என்றோ போட்ட விபிஎன்னை அணைக்க மறந்த கொக்கிரகுளத்துப் பையனும் தளத்தின் கண்ணுக்குச் சிங்கப்பூர்க்காரன்தான். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு சேமித்து வைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ், நார்டு போன்ற நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துவிட்டன. பட்டியலில் 'இந்தியா' என்று இருந்தாலும் பெட்டி இருப்பது வேறு நாட்டில். இலவச விபிஎன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. பெயர் தெரியாத ஒருவன் வழியாக ஆதார் எண்ணை அனுப்புவதற்கு என்ன அவசியம்? துபாய்க்காரர் ஊரிலிருக்கும் மச்சானிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

நம்பிக்கை: "'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால், 'மேம்பட்டவை' அமுக்கி உள்ளே போயிரலாம்."

போகாதீர்கள். முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். அது தீர்ந்துபோனால், கரண்ட் போய்வரும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். தளத்துக்கு இந்த ஆண்டு வழங்கிய பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்து, 'இது இன்னும் தொடங்கவே இல்லையே' என்று பிரவுசர் மறுக்கும். தளத்தில் தவறே இல்லை. தேதியைத் திருத்தினால் திறந்துவிடும். பேட்டரியை மாற்றிவிட்டால் பிறகு தொல்லையும் இல்லை.

தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வருகிறது என்றால் அது மிரட்டலுக்காக வைத்ததல்ல. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. தேசியத் தகவல் மையத்தின் சான்றிதழ்ப் பிரிவின் கையெழுத்தோடு கூகுள் தளங்களின் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளியானதை 2014 ஜூலையில் கூகுள் கண்டுபிடித்தது. அப்படிப்பட்ட ஒன்று கையிலிருந்தால், நடுவில் நின்று கடவுச்சொல்லைப் படிக்கலாம். இன்னொரு பக்கம், எச்சரிக்கையே வராமல் பூட்டுச் சின்னத்தோடு திறப்பதாலேயே ஒரு தளம் யோக்கியமாகிவிடாது. மோசடித் தளத்துக்கும் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தக் குழப்பத்தால்தான் 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. 'பட்டா' என்று தேடி முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாமல், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுவது.

ஆன்டிவைரஸை அணைக்கும் யோசனை பெரும்பாலும் கைரேகை இயந்திரம் வைத்திருக்கும் மையங்களில்தான் எழும். ரேகை பதியும் பக்கம் அதே கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு நிரலோடு 127.0.0.1 என்ற உள்முகவரியில் பேசுகிறது. ஃபயர்வால் அதைச் சந்தேகப்பட்டு மறிக்கும். அந்த நிரலை மட்டும் விதிவிலக்கில் சேர்த்தால் முடிந்தது.

நம்பிக்கை: "இன்காக்னிட்டோவில் போட்டால் தடயமே இருக்காது."

சோதனைக்கு அது நல்ல கருவி. பழைய குக்கி இல்லை, விளம்பரத் தடுப்பு நீட்சிகளும் பொதுவாக ஓடாது. ஆகவே சாதாரணத்தில் திறக்காத பக்கம் அதில் திறந்தால் குறை எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் மூன்றாம் தரப்பு குக்கியை அது தானாகவே தடுப்பதால், சில கட்டணப் பக்கங்கள் அதிலேதான் மக்கர் செய்யும். தடயம் இல்லை என்பதும் கம்ப்யூட்டருக்குள் மட்டுந்தான்; இணைய நிறுவனமும் தளமும் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் தகவலையும் சேகரித்ததாக அமெரிக்காவில் 2020-இல் தொடுத்த வழக்கில், பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024 ஏப்ரலில் கூகுள் ஒப்புக்கொண்டது.

நெட் சென்டரில் இன்காக்னிட்டோ சாளரம் கேட்டு வாங்குவது சரியான பழக்கமே. மூடியதும் உங்கள் கணக்கு வெளியேறிவிடும். ஆனால் இறக்கியதை அது அழிப்பதில்லை. உங்கள் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கையொப்பப் படம், கட்டண ரசீது எல்லாம் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில், முந்தைய வாரம் வந்தவரின் ஆதாருக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருக்கும். எழுந்திரிக்குமுன் அந்தக் கோப்புறையைத் திறக்கச் சொல்லி, உங்களுடையதைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும்.